எச்சில் தொட்ட நாய்முடி

தூண்டில் முள்ளில் நாய்முடியைச் சுற்றிப் பூச்சிபோலக் கட்டினால் கொள்ளிடத்து மீன்கள் ஏமாந்து கவ்வும். முடி நூலில் ஒட்ட, விரலால் எச்சில் தொட்டுத் திரிப்பேன். பாழாய்ப்போன பழக்கம்.

ஸ்ரீரங்கத்தில் பக்கத்து வீட்டம்மா தன் நாயைச் சீவி எடுத்த முடியைக் கவர் நிறையக் கொடுத்தார். சில நாளில் அழுதுகொண்டே வந்தார்.

“நாய் செத்துப்போச்சுங்க. வெறிநோய்னு சொல்றாங்க.”

புத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

“கடிச்சுதா?” என்றார் டாக்டர்.

“இல்லைங்க. அதோட முடியை எச்சில் தொட்டுத் திரிச்சேன்.”

அவர் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்தபடி, “நாய் நக்கின முடியா இருந்தா ஆபத்து. வேற யாராச்சும் அந்த முடியைத் தொட்டாங்களா?” என்றார்.

பாதியை ஜீயபுரத்து நண்பனுக்குக் கொடுத்திருந்தேன். அவன் முடிக்கொத்தை வாயிலேயே கவ்விக்கொண்டு கட்டுவான்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.