நேற்றைப் புளுகும் பெட்டி

திருவள்ளூரில் கிளம்பும் காலை ரயிலின் ஒரு பெட்டியில் ஆதிகேசவன் ஆங்கில இறந்தகாலம் நடத்திக்கொண்டு வருவார். மணவாள நகர்க்காரர், பட்டணத்து அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவர். கூட வரும் தொழிலாளிகள் ஆளுக்கொரு வாக்கியமாக நேற்று செய்ததை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எல்லாருடைய நேற்றும் ஒன்றுபோலவே இருந்தது. சலித்துப்போன அவரே, "நெசத்த உடுங்கப்பா, புளுகுங்க" என்று சட்டம் போட்டார். பெட்டி களைகட்டியது. யேசுதாஸ் பூண்டி ஏரியில் முதலையைக் கொன்றான். மாரியப்பன் ஏதோ நாட்டு ராணியோடு நாஷ்டா தின்றான்.

அறுபத்தொன்பதில் ஒரு திங்கட்கிழமை, செவ்வாப்பேட்டையில், தினமும் அந்தப் பெட்டியில் வரும் துளசிராமன் ஏறினான். ஆவடித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலைக்கு அன்று அவனுக்கு நேர்காணல். நேராக வந்து ஆதிகேசவன் முன்னால் நின்றான்.

"பார்றா, ஆபீசர் வந்துகிறாரு!" என்றான் யேசுதாஸ்.

துளசிராமன் அவனைப் பார்க்கவில்லை. "எஸ்டர்டே... மை ஃபாதர் டைடு."

பெட்டி குலுங்கிச் சிரித்தது.

"அடப்பாவி, அப்பனையே போட்டுட்டியே! நானாவது முதலையோட நிறுத்திக்கினேன்!"

ஆதிகேசவனும் சிரித்தார். "டென்ஸ் கரெக்டா வந்துகிதுப்பா. எப்டி செத்தாருன்னு இன்னொண்ணு சொல்லு."

"சரியாத்தான் சொன்னேனா, சார்?" துளசிராமன் கேட்டான். "அந்த வடநாட்டு ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. நைனாவ ஊட்ல கெடத்திகிது. தங்கச்சி வந்ததும் மத்தியானம் எடுக்கணும். வேற நாள் கூப்புடச் சொல்லி கேட்டுட்டு ஓடியாரணும். நான் தப்பா சொல்லி, அவரு கூப்புடாமலே உட்டுட்டா?"

யேசுதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆதிகேசவனுக்குச் சிரித்த வாய் சிரித்தபடியே நின்றுவிட்டது, மூட வரவில்லை. பிழை தேடியே பழகிய கண், அவன் சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருப்பதை இப்போதுதான் பார்த்தது.

ஆவடியில் அவரும் கூடவே இறங்கினார். தானே பேசிவிடுவதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். அதிகாரி எதிரில் "சார்" என்பதற்கு மேல் ஒரு சொல் எழும்பவில்லை. துளசிராமன்தான் சொன்னான், அதே வாக்கியத்தை. அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அடுத்த திங்கள் வரச் சொன்னார்.

திரும்பும் வண்டியில் ஆதிகேசவனும் கூடவே ஏறிக்கொண்டார். செவ்வாப்பேட்டையில், சாவு வீட்டு வாசலில் துளசிராமனின் அத்தை கெங்கம்மாள் கேட்டாள்: "நீங்க யாருப்பா? இவனுக்கு வாத்தியாரா?"

"இல்லம்மா" என்றார். "கூட ரயில்ல வர்றவன்."