பழையபடி

என் வீட்டுக்காரரை அவருடைய கார்ச் சிநேகிதர்கள் ‘ஒரிஜினல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சுக்குப் பேச்சு அந்த வார்த்தை அவர் வாயில் வரும். கதவுக் கைப்பிடி ஒரிஜினலா, ஹாரன் ஒரிஜினலா, இந்த ஸ்குரூ ஒரிஜினலா. கல்யாணமான புதிதில் என் கூந்தலைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்காமல் விட்டாரே என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பின்னறையில் உட்கார்ந்து லென்ஸை அரைத்து ஃபிரேமில் பொருத்துவார். முதலாளி அவரைக் கடையின் முன்பக்கம் வரவிடுவதில்லை. ஒருமுறை விலை கூடிய ஃபிரேம் ஒன்றை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், உங்கள் முகத்துக்கு இது எடுபடாது என்று பட்டென்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் போனவள்தான், திரும்பி வரவில்லை. மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்பது இவரிடம் கிடையாது. பிடிக்காவிட்டால் எதிரில் இருப்பது யாரென்று பார்க்கமாட்டார்.

அவருக்குப் பிடித்தது, அவர் பிறப்பதற்கு முன்னால் செய்த நீளமான கறுப்பு அமெரிக்க மசில் கார் ஒன்று. எட்டு சிலிண்டர். பக்கத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து அதில் நிறுத்தியிருந்தார். ஷெட் எங்கள் வீட்டைவிடப் பெரிது. காருக்கு வெயில் படக்கூடாது, தூசி படக்கூடாது. எனக்கு எது பட்டாலும் பரவாயில்லை. ஒருமுறை வைப்பர் கெட்டுப்போனது. வேறு வைப்பரைப் போட மனம் வராமல், அதே வருடத்து வைப்பர் கிடைக்கும்வரை காரை மழையில் எடுக்கவே இல்லை. அந்த மழைக்காலம் முழுவதும் என்னோடு சேர்ந்து பஸ் நிறுத்தத்தில் நனைந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அவருடைய தம்பி, என் கொழுந்தன், இதற்கு நேர் எதிர். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. அண்ணனைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அண்ணி அண்ணி என்று என் பின்னாலேயே சுற்றுவான். அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணன்தான், அதுவும் அந்தக் கறுப்புக் காரில். வேறு யாரையும் அதன் ஸ்டியரிங்கைத் தொடவிட்டதில்லை, என்னையும் சேர்த்து. அப்படிக் கற்றுக்கொண்டவன், சொந்தச் சம்பாத்தியம் வந்ததும் போய் வாங்கியது கப்பலில் வந்திறங்கிய ஒரு சின்ன ஜப்பான் கார்.

வாங்கியதோடு விட்டானா? ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தரையோடு தரையாக இறக்கினான். பின்னால் இறக்கை மாதிரி ஒன்றை மாட்டினான். எஞ்சினுக்கு டர்போ போட்டான், சைலன்சரை மாற்றினான், வெள்ளைக் காருக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பெயிண்ட் அடித்தான். வேகமாக வந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்த டர்போ புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விடும். அடுத்த நொடியே சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். அதனால் அவனுக்குப் ‘பட்டாசு’ என்று பெயர் வந்தது. ஸ்பிரிங்கை வெட்டிய அன்று இவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ஒரு நல்ல காரைக் குட்டிச்சுவராக்கிவிட்டான் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் புலம்பினார்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பார்க்கிங் மைதானம் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். ஊரிலுள்ள கார்ப் பைத்தியங்கள் அத்தனையும் அங்கேதான் கூடும். கேட் பக்கம் பெருசுகள், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு துணியோடு துடைத்ததையே துடைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கோடியில் இளசுகள், குட்டிக் குட்டிக் கார்களோடு. நடுவில் ஒரு டீ வண்டி. அதுதான் எல்லை. பெருசுகள் அந்தப் பக்கத்துக்குப் ‘பொம்மைக்கடை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இளசுகள் இந்தப் பக்கத்தை ‘மியூசியம்’ என்பார்கள். இவர்களுக்கு ஃபேக்டரியில் செய்தபடி கார் இருக்கவேண்டும். அவர்களுக்கு ஃபேக்டரியில் செய்தபடி இருந்தால் அவமானம். ஒரு இரும்புச் சாமானை வைத்துக்கொண்டு இத்தனை ரோஷம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நானும் என் ஓரகத்தியும், அதாவது கொழுந்தன் மனைவி, டீ வண்டியருகே நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சிரிப்போம். அண்ணன் தம்பியை ஓயாமல் வாருவார். தம்பி திருப்பி ஒரு வார்த்தை பேசமாட்டான். சிரித்துக்கொண்டே காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வான்.

இந்தக் கார்தான் ஒருநாள் இவனைக் கொண்டுபோகப் போகிறது என்று தெருவில் எல்லோரும் வாய் வலிக்கச் சொன்னார்கள். கார் ஒன்றும் கொண்டுபோகவில்லை. காய்ச்சல் என்று படுத்தான். ரத்தத்தில் கோளாறு என்றார்கள். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. என் கண்ணெதிரே வளர்ந்த பிள்ளை. முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அவனைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது.

ஓரகத்தி தன் அம்மா வீட்டோடு போய் இருந்தாள். பல் டாக்டர் ஒருவரிடம், வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர்கள் முன்பிருந்த குடியிருப்பின் கீழேயே கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பேட்டரி செத்துப்போயிற்று, எலி ஒயரைக் கடித்து வைத்தது. அடுத்த வருடம் ஒருநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரருக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னாள்.

“மாமா, அவரு காரு ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது. நீங்கதான் அதைப் பழையபடி ஆக்கிக் குடுக்கணும். வேற யாருகிட்டயும் விடப் பயமா இருக்கு.”

அவர் சரி என்று தலையாட்டினார். அதற்குமேல் அவர்களுக்குள் பேச்சு இல்லை. பிறகு சமையலறைக்கு வந்து என்னிடம் மீதியைச் சொன்னாள். தெருமுனையில் அந்தப் புஸ் சத்தமும் வெடியும் கேட்டதும், அவன் வந்துவிட்டான் என்று எழுந்து கதவைத் திறப்பது அவள் வழக்கம். கார் சரியானதும் மாமாவை ஒருமுறை அதை ஓட்டிவரச் சொல்லவேண்டும், தான் வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளவேண்டும். தெருமுனையிலிருந்து அந்தச் சத்தம் வருவதை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றாள். “பைத்தியக்காரத்தனமா இருக்காக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். கார் ஓடினால் சத்தம் தானாக வரும் என்றுதான் நாங்கள் இரண்டு பேருமே நினைத்திருந்தோம்.

‘பழையபடி’ என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் போயிற்று. எனக்கும் உங்களுக்கும் பழையபடி என்றால், அவன் இருந்தபோது இருந்தபடி. என் வீட்டுக்காரருக்குப் பழையபடி என்றால், ஃபேக்டரியை விட்டு வந்தபடி. கார் விஷயத்தில் அவருக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது. கேட் பக்கத்துப் பெருசுகளில் யாரிடம் போய்ச் சொல்லியிருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு இதையேதான் செய்திருப்பார்கள்.

கறுப்புக் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் தம்பி காரை விட்டார். வெயில் படக்கூடாத காருக்கு அதன்பிறகு வெயிலும் பட்டது, மழையும் பட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடையிலிருந்து வந்தால் நேரே ஷெட்தான். பழைய கார்களை உடைக்கிற இடங்களுக்கெல்லாம் அலைந்து அந்தக் காருக்கு உரிய சீட்டையும் ஸ்டியரிங்கையும் ஸ்பிரிங்கையும் தேடிக் கொண்டுவந்தார். டர்போவைக் கழற்றினார். இன்னொரு நல்ல காருக்கு மாட்டிக் கெடுத்துவிடப் போகிறார்கள் என்று சைலன்சரைத் துண்டு துண்டாக வெட்டினார். எல்லாம் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறிப் போயிற்று. எனக்குக் காரில் எதைக் கழற்றினாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். கெட்டுப்போனதைத் தூக்கிப் போடுகிறார் என்று இருந்துவிட்டேன்.

கத்தரிப்பூ பெயிண்டைத் தேய்த்து எடுத்தபோதுதான் மனது கேட்காமல், அவனுக்கு இந்த நிறம் உயிராயிற்றே என்றேன். அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“ஃபேக்டரி வெள்ளை அடியில அப்படியே இருக்குடி. பாவம், இத்தனை நாளா மூடியே கிடந்திருக்கு.”

சொல்லிவிட்டு அழுதார். தம்பியை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட என் முன்னால் அழாத மனிதர், தேய்க்கிற தாளைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்குமேல் நான் என்ன கேட்பது? ஒரு காருக்குச் செய்யக்கூடிய மரியாதை என்று அவருக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். அதைத் தம்பிக்குக் குறையில்லாமல் செய்துகொண்டிருந்தார்.

முடிந்ததும் ஓரகத்தியை வரச்சொன்னார். அன்று அவர் சட்டையை நானே தேய்த்துக் கொடுத்தேன். அவள் நன்றாக உடுத்திக்கொண்டு, வாசலிலேயே சிரித்த முகமாக வந்தாள். ஷெட் கதவைத் திறந்துவிட்டு அவர் ஒதுங்கி நின்றார். உள்ளே வெள்ளை வெளேரென்று, நேற்று வாங்கியதுபோல ஒரு கார் நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பின்னால் வேறு கார் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

“அவரு காரு எங்க மாமா?”

“இதுதாம்மா. பழையபடி ஆக்கிட்டேன்” என்றார். அப்போதும் அவர் முகத்தில் பெருமை இருந்தது. மூன்று பேரில் அவருக்குத்தான் கடைசியாகப் புரிந்தது.

அவள் காரைச் சுற்றி நடந்தாள். பின்சக்கரத்துக்கு மேலே குனிந்து, ஓர் இடத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். என்னம்மா தேடுகிறாய் என்று நான்தான் கேட்டேன். பெயிண்ட் காய்வதற்கு முன்னால் அங்கே தெரியாமல் கையை ஊன்றிவிட்டாளாம். ஐந்து விரலும் பதிந்துபோயிற்றாம். மறுபடி அடித்துவிடு என்று அவள் எவ்வளவோ சொல்லியும் அவன் அதை மட்டும் யாரையும் தொடவிடவில்லையாம். சிநேகிதர்களிடம் அதைத்தான் முதலில் காட்டுவானாம்.

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். “அதைக் குறைன்னு நினைச்சேம்மா” என்றார். “முதல்ல அதைத்தான் தேய்ச்சேன்.”

அவள் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். கார் ஒரே முயற்சியில், சத்தமே இல்லாமல் கிளம்பியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டுக் காலை எடுத்தாள். மறுபடியும் அழுத்தி எடுத்தாள். ஒன்றும் இல்லை. அணைத்துவிட்டு இறங்கி வந்து, ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க மாமா என்று சொன்னாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். நன்றி சொன்னாள், அதுதான் அவரைச் சாய்த்துவிட்டது.

அன்றைக்கே பழைய இரும்புக்காரரிடம் ஓடினார். எல்லாம் உருக்கப் போய்விட்டது என்றார்கள். விஷயம் கேள்விப்பட்டு மைதானத்து இளசுகள் கூட்டமாக வந்து, நாங்களே எல்லாவற்றையும் வாங்கி மாட்டித் தருகிறோம் என்றார்கள். நல்ல பிள்ளைகள். அவள்தான் வேண்டாம் என்றாள்; புதிதாக மாட்டினால் அது அவன் மாட்டியதாகிவிடுமா என்று கேட்டாள். காரை எங்களிடமே விட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு என் வீட்டுக்காரர் மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தெருவில் யாராவது ‘ஒரிஜினல்’ என்று கூப்பிட்டால் காது கேட்காதவர்போலப் போய்விடுவார். அவர்மேல் எனக்கு ஆத்திரமும் வந்தது, அவருக்காக நெஞ்சும் வெடித்தது. இரண்டும் ஒரே நேரத்தில்.

பிறகு ஒரு நப்பாசை. சத்தத்தையாவது எங்கிருந்தாவது பிடித்துவிடலாம் என்று கிளம்பினார். அவளுடைய ஃபோனில் படங்கள் நிறைய இருந்தன, சத்தம் இல்லை. தினமும் கேட்கிற சத்தத்தை யார் எடுத்து வைத்துக்கொள்வார்கள்? இளசுகளில் ஒரு தாடிக்காரப் பையன் தன் ஃபோனைக் குடைந்து குடைந்து ஒரு வீடியோவைக் கண்டுபிடித்து அனுப்பினான். முழுதாகப் போட்டுப் பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல், கார் வருகிறது, கார் வருகிறது என்று இவர் உடனே அவளை வரச்சொல்லிவிட்டார்.

மூன்று பேரும் ஃபோனைச் சுற்றி உட்கார்ந்தோம். மைதானத்தில் நல்ல வெயில். கத்தரிப்பூ நிறத்தில் அவன் கார் டீ வண்டியைத் தாண்டி வேகமாக வருகிறது. ஜன்னலில் அவன் முகம். காலை எடுக்கிறான். அந்த இடத்தில், ஃபோனுக்குப் பக்கத்திலேயே ஒரு குரல் உரக்கக் கேட்டது.

“பஞ்சர் ஆயிருச்சுடா, காத்து போற சத்தம் கேக்குது. யாராச்சும் பம்ப் எடுத்துட்டு வாங்கப்பா.”

என் வீட்டுக்காரர் குரல். உடனே சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். புஸ் சத்தம் அதில் போயிற்று, வெடியும் போயிற்று. காருக்குள்ளிருந்து அவனும் சிரிப்பது தெரிந்தது. வீடியோ அவ்வளவுதான்.

அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். அவள் அதை எடுத்து நிமிர்த்தி, மறுபடியும் போடச் சொல்லி அவரிடமே நீட்டினாள். போட்டார். இன்னொரு தடவை கேட்டாள். போட்டார். ஒவ்வொரு தடவையும் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணை மூடி ஃபோனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

“நீங்க பேசறதுக்கு முன்னாடி கொஞ்சூண்டு கேக்குது மாமா” என்றாள். “இன்னொரு தடவ போடுங்க.”