நாட்குறிப்பில் விடுபட்ட பெயர்

“இமை வீக்கம் வடிந்தது. களிம்பு நன்றாகக் கேட்கிறது.” சென்ற ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் என் நாட்குறிப்பில் எழுதியது இது. கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை செய்கிறேன். இமைகள் உலர்ந்து, சிவந்து, வீங்கியபோது மருந்துக்கடைக்காரர், நாங்கள் சேட்டன் என்று அழைப்பவர், தந்த களிம்பை, அரிக்கும்போதெல்லாம் ஐந்து மாதம் தடவினேன்.

“அந்தச் சேட்டன் எப்போ டாக்டருக்குப் படிச்சாரு? சுள்ளிக்கல் கண்ணாஸ்பத்திரியில போய்க் கண்ணைக் காட்டுங்க” என்று மனைவி பலமுறை சொன்னாள். நான் கேட்கவில்லை.

நவம்பரில் சாலையைக் கடக்கும்போது இடப்பக்கம் ஓர் ஆட்டோ என்னை உரசி நின்றது. அது வந்ததே எனக்குத் தெரியவில்லை. அன்றே கண் மருத்துவரிடம் போனேன். இடக்கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது என்றார்.

“ஸ்டீராய்டு களிம்புன்னா இப்படி வரலாம். அந்தக் களிம்போட பேரு என்ன சாரே?”

தடவிய நாளையெல்லாம் குறித்திருந்த நான் பெயரை எழுதவில்லை. தீர்ந்த களிம்புக் குழாய்களையும் எறிந்துவிட்டேன். கடைக்குப் போய்க் கேட்டேன். “பலதும் மாத்தித் தந்தேன், ஏதுன்னு ஓர்மையில்ல” என்று நினைவில்லாததாகச் சொன்னார் சேட்டன்.

இப்போது மருத்துவர் எழுதித் தராத எதையும் கண்ணருகே கொண்டுபோவதில்லை. வாங்கும் மருந்தின் அட்டையை வெட்டி நாட்குறிப்பில் ஒட்டுகிறேன். என் பார்வையைக் கெடுத்தது அந்தக் களிம்புதானா என்பது மட்டும் இன்றுவரை உறுதிப்படவில்லை.