தலைகீழாய் அச்சான செவ்வாய்

வசந்தா அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் மந்தைவெளி எஸ்.டி.டி. பூத்காரர். “இன்னா மேடம், நம்ம பூதக்கண்ணாடி அம்மா நேத்து பூட்டாங்களாமே?” என்றார். போன் செய்யப் போனவள், அப்படியே அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அடையாறு அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு அந்தப் பூதக்கண்ணாடி நினைவிருக்கும். விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து வரைபடம் வரைவது எங்கள் வேலை. எந்தப் படம் வந்தாலும் அக்கா முதலில் அதைத் திருப்பி வைப்பார். “நிழல் நம்ம பக்கம் விழணும்டி. இல்லேன்னா கண்ணு ஏமாத்திடும், பள்ளம் மேடாத் தெரியும்” என்பார். ஒருமுறை நான் திருப்பாமல், கிண்டிப் பக்கம் வற்றிக் கிடந்த குட்டையை மேடென்று வரைந்துவிட்டேன். ஒரு வாரம் என்னை மலையரசி என்றே கூப்பிட்டார்.

வீட்டுக்குப் போனால் அவருக்குச் செவ்வாய்தான். அதைச் சுற்றிவந்த விண்கலங்கள் எடுத்த படங்களை எங்கெங்கோ எழுதிப் போட்டு வரவழைத்து, பள்ளங்களின் விளிம்புகளை ஒவ்வொன்றாக வரைவார். பல வருட உழைப்பைக் கட்டுரையாக்கி தி.நகர் வாரப் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்தார். அவர்கள் படத்தைத் தலைகீழாகப் போட்டார்கள். பள்ளமெல்லாம் கொப்புளமாகப் புடைத்து நின்றது. கீழே, ‘இந்தப் பள்ளங்களைப் பாருங்கள்’ என்று அவர் பெயரோடு! அடுத்த இதழில் ஒரு வாசகர், அம்மையார் கண் டாக்டரைப் பார்ப்பது நல்லது என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்துக்கு மட்டும் இடம் இருந்தது.

ஒரு வரித் திருத்தம் கேட்டு இருவரும் போனோம். உதவி ஆசிரியர் சிரித்தார். “செவ்வாய்ல யாரு மேடம் தடுக்கி விழப்போறாங்க?”

“யாரும் விழ மாட்டாங்க சார். நான்தான் விழுந்து கெடக்கேன்” என்றார் அக்கா.

மூன்று முறை போனோம். திருத்தம் வரவே இல்லை. அதற்குப் பிறகு அக்கா எந்தப் பத்திரிகைக்கும் எழுதவில்லை.

இந்த வாரம் அதே பத்திரிகை ‘செவ்வாயை நேசித்த அம்மையார்’ என்று அவருக்கு அஞ்சலி போட்டிருக்கிறது. மேலே அக்காவின் முகம். கீழே அதே படம், மறுபடியும் தலைகீழாக! ஒரு மனுஷியை உயிரோடு இருக்கும்போதும் அவமானப்படுத்தி, செத்த பிறகும் அவமானப்படுத்த எவ்வளவு அலட்சியம் வேண்டும்?

பூதக்கண்ணாடியை அவர் மகள் என்னிடம் கொடுத்துவிட்டாள். அந்த அஞ்சலிப் பக்கத்தையும் வெட்டி, அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன், நிழல் நம் பக்கம் விழும்படி. பள்ளங்கள் பள்ளங்களாக இருக்கின்றன. அக்காவின் முகம்தான் தலைகீழாக இருக்கிறது. வருகிறவர்களெல்லாம் மாற்றி ஒட்டச் சொல்கிறார்கள். மாட்டேன். அக்காவைக் கேட்டிருந்தால், “நான் எப்படியோ நிக்கிறேன்டி, நீ பள்ளத்தைச் சரியா வை” என்றுதான் சொல்லியிருப்பார்.