பழுதானால் யாரிடம் கேட்பது?

அந்தப் பெருமழை நாளில், பிற்பகல் நான்கு பத்து. நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. பவியின் செய்தி தொலைபேசியில் வந்ததும், வீட்டில் மின்சாரம் போனதும், மேசைமேல் திறந்திருந்த மடிக்கணினி சட்டென்று கறுத்துப்போனதும் ஒரே நிமிடத்தில் நடந்தன. "கண்டியில பஸ் ஏறிட்டேன்மா. சரியான மழை. ஏழரைக்கெல்லாம் வந்திருவேன்" என்று எழுதியிருந்தாள் மகள். "பாத்து வா" என்று பதில் அனுப்பினேன். அது போகவில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரப் படம் மட்டும் நின்றது.

இன்று காலை தூறல் விழத் தொடங்கியதும் அதே மடிக்கணினியைத் திறந்தேன். மழை வந்தால் இப்போதெல்லாம் ஏதாவது ஒன்றைத் திறந்து முன்னால் வைத்துக்கொள்கிறேன். இப்போது அது முனகாமல் திறக்கிறது. முன்பெல்லாம் பொத்தானை அமத்திவிட்டு, தேத்தண்ணி போட்டு, குடித்து, கோப்பையைக் கழுவிவைத்துவிட்டு வந்தாலும் யோசித்துக்கொண்டேதான் இருக்கும். அதன் வயது அப்படி. நான் ஆசிரியையாகச் சேர்ந்த சில வருடங்களில் யாரோ பாவித்துவிட்டு விற்றதை வாங்கினேன். பட்டரி செத்து வெகுகாலம். சேலைன் ஏறும் நோயாளி மாதிரி வயரோடு சேர்ந்தே வாழ்ந்தது. டிக்கோயாவில் கணினி திருத்தும் பையன், "டீச்சர், இதுக்குப் புதுசு ஏறாது. பழசுக்கு இனிமே அப்டேட்டும் வராது. தூக்கிப் போட்டுட்டு வேற எடுங்க" என்று சொல்லிவிட்டான். எனக்கும் அந்தக் கணினிக்கும் ஏறக்குறைய ஒரே நோய் என்பதால் தூக்கிப்போட மனம் வரவில்லை.

தீபாவளிக்கு வந்திருந்த பவிதான் அந்தப் பென்ட்ரைவைக் கொண்டுவந்தாள். கண்டியில் கணினிப் படிப்பில் கடைசி வருடம் அவள்.

"இதுல வேற சிஸ்டம் இருக்கும்மா. லினக்ஸ். பழைய மெஷினுக்கு நல்லது. இலவசம்."

"இலவசம்னா? நிவாரண அரிசி மாதிரியா? கல்லு பொறுக்கணுமா?"

"ஐயோ அம்மா! ஒலகம் பூரா ஆளுங்க சேந்து செஞ்சு, யாரு வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு வச்சிருக்காங்க. உள்ள என்னா இருக்குன்னு தொறந்தே பாக்கலாம்."

"தொறந்து பாத்து நான் என்னாத்தக் கண்டேன்? எல்லாருக்கும் சொந்தம்ங்கிற. அப்ப பழுதானா யாருகிட்ட போய்க் கேக்குறது?"

"என்கிட்ட கேளுங்க."

என்னுடைய பழைய கோப்புகள் எல்லாம் அழிந்துவிடும் என்று அடுத்த சாக்கைச் சொன்னேன். பேசாமல் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்தாள். நான் பழைய துவாய் ஒன்றில் அதைச் சுற்றி அலுமாரியில் வைத்தேன். கணினியைத் தொடங்கும்போது விசைப்பலகையில் எந்தக் கட்டையை அமத்த வேண்டும் என்று எனக்கு மறந்துபோகும் என்பதால், அந்தக் கட்டையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள். "பாப்போம்" என்றேன். எங்கள் வீட்டில் "பாப்போம்" என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே பென்ட்ரைவைப் பேனாக்களுக்கு நடுவே போட்டுவிட்டுப் போனாள்.

மின்சாரம் போன அன்று ஏழரைக்கு அவள் வரவில்லை. என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகத்தர். குடையை எடுத்துக்கொண்டு சந்தி வரைக்கும் போய், நனைந்து திரும்பி வந்தார்.

"பஸ் வர்ற வழியில, கினிகத்தேனைக்கு இங்கிட்டு, மண்ணு சரிஞ்சு ரோடு இல்லையாம்" என்றார்.

"இல்லையாம்னா?"

"இல்லையாம்."

தொலைபேசிக் கோபுரங்கள் அன்றிரவே ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. விடிந்ததும் தோட்டத்து ஆட்களோடு சேர்ந்து அவர் ஹட்டன் பக்கம் இறங்கி நடந்தார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அப்படியே ஒரு பகல் போனது, அவரும் திரும்பவில்லை. அழுகை வரவில்லை. உள்ளே யாரோ மரப்பு ஊசி போட்டமாதிரி இருந்தது. பருப்பு வேகவைத்தேன். யார் சாப்பிடுவார்கள் என்று யோசிக்கவில்லை. அதற்கு மறுநாள் காலை மின்சாரம் வந்தது. தொழிற்சாலை மட்டும் ஓடவில்லை. வாட்டப் போட்டிருந்த கொழுந்து அப்படியே கிடந்து புளித்துப்போய், அந்த வாசனை மலை முழுக்க நிறைந்திருந்தது. கணினியைத் தொடங்கினேன். நீலத்திரை. மறுபடி தொடங்கினேன். மறுபடி நீலத்திரை. அது போய்விட்டது என்று தெரிந்தது.

அப்போது நான் செய்ததற்கு நியாயம் கேட்காதீர்கள். மற்றத் தாய்மார் நேர்த்தி வைப்பார்கள், தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொள்வார்கள். நான் பேனாக்களுக்கு நடுவிலிருந்து பென்ட்ரைவை எடுத்தேன். அவள் வந்ததும் "போட்டீங்களா?" என்று கேட்பாள். போட்டிருந்தால், கேட்பதற்கு அவள் வந்தாக வேண்டும். இவ்வளவுதான் என் கணக்கு. படித்த பெண்தான் நான், ஆனால் அந்தக் காலையில் இதைவிடப் பெரிய கணக்கு எனக்கு வரவில்லை.

பென்ட்ரைவைச் செருகி, சிவப்புப் பொட்டை அமத்திக்கொண்டே இருந்தேன். திரையில் மொழிகளின் பட்டியல் வந்தது. கீழே, கீழே போனால் தமிழ் இருந்தது. எழுத்துப்பிழை இல்லாத தமிழ். அரசாங்கப் பலகைகளில் மூன்று மொழிகளில் ஒன்றாக நசுங்கிக் கிடக்கும் தமிழைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு யாருடைய வீட்டுத் தமிழோ போலிருந்தது. எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. சரி என்றேன். பிறகு ஒரு உலகப்படம் விரிந்தது. மேலே ஒரு கேள்வி. "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

எந்த ஊர் நேரத்தை வைப்பது என்று தெரிந்துகொள்ள அது எல்லோரிடமும் கேட்கும் கேள்வியாம். எனக்கு அது தெரியாது. இரண்டு நாளாக நான் வாய்க்குள் வைத்திருந்த கேள்வியை மெஷின் என்னைப் பார்த்துக் கேட்டது. கொழும்பு என்று ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

கணினி சூடேறியது. காற்றாடி வழியாகத் தூசு கருகும் மணம் வந்தது. அந்த மணம் எனக்கு ஹட்டன்தான். பாடசாலையில் சேருவதற்கு முன்பு, கல்யாணத்துக்கும் முன்பு, ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். போட்டோ கொப்பி மெஷினின் சூடும், வாசலில் விரித்துவைத்த ஈரக் குடைகளின் நாற்றமும் கலந்த கடை. கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிப்பேன். அப்போதைய தமிழ் எழுத்து இப்போதைய மாதிரி இல்லை. ஆங்கிலக் கட்டைகளின்மேல் தமிழ் போர்த்தியிருக்கும். எம் கட்டையைத் தட்டினால் அ, கே கட்டையைத் தட்டினால் ம, எச் கட்டையைத் தட்டினால் துணைக்கால், அரைப்புள்ளியைத் தட்டினால் மேலே புள்ளி விழும். முதல் மாதம் முழுக்க விரல் அழுதது. பிறகு விரலே படித்துக்கொண்டது. கண்ணுக்கு வேலையே இல்லை. முதலாளி மூர்த்தி அண்ணன் பகிடி விடுவார். "தங்கச்சி தூங்கிக்கிட்டே அடிப்பா. பொண்ணு பேரும் மாப்பிள்ள பேரும் மாறாம இருந்தாச் சரி."

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடையில் வேறு ஒரு கூட்டம். வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போன பிள்ளைகள் கடை நம்பருக்கு அழைப்பார்கள். தாய்மார் பெஞ்சில் வரிசையாகக் காத்திருப்பார்கள். றொசல்லப் பக்கம், ரயில் ரோட்டுக்குக் கீழே இருந்த லயத்திலிருந்து ராக்கம்மா அக்கா வருவார். லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் நீள வரிசை வீடுகள், உங்களுக்குத் தெரியும். ராக்கம்மா அக்கா உட்கார்ந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அப்பிடி மொறச்சுப் பாத்தா போனு வெக்கப்பட்டு அடிக்காதுக்கா" என்பார் மூர்த்தி அண்ணன்.

"நீங்க வாங்குற காசுக்கு அது எந்திரிச்சுக் கூத்தாடணும் மொதலாளி. வெக்கமாம், வெக்கம்!"

போன் அடித்து, மகளின் குரல் வந்ததும் அந்த வாய் எல்லாம் போய்விடும். "சாப்புட்டியா?" என்பார். மறுபடி "சாப்புட்டியா?" என்பார். அவ்வளவுதான். இதைக் கேட்கவா காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துக்கொண்டு நான் கட்டையைத் தட்டிக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கவே இல்லை. கடையைப் பாதி சாத்திவிட்டோம். அவர் எழும்பி, குடையை உதறி, வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "மக அடிச்சான்னா, அம்மா இப்பதான் அங்கிட்டுப் போச்சுன்னு சொல்லுங்க பாப்பா. காலையிலேருந்து இருந்துச்சுன்னு சொல்லுங்க."

ஹட்டன் பக்கம் நான் ஏன் இறங்கவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். நான் போன பிறகு அவள் வந்து, அம்மா இப்பதான் போச்சு என்று பக்கத்து வீட்டார் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.

புதிய சிஸ்டம் ஏறி முடிந்தது. சுத்தமான, வெறுமையான திரை. துவாயிலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்துச் செருகினேன். முதலில் கண்ணில் பட்ட பழைய கோப்பைத் திறந்தேன். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், அர்த்தமில்லாத பூச்சிகள். இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் பூச்சி. வினாத்தாள்கள், அப்பாவின் மரண அறிவித்தல், பவி பெரியவளானபோது அடித்த சாமத்தியச் சடங்குக் கார்டு, எல்லாம் பூச்சி. சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்தும் எல்லாம் போய்விட்டது. பழுதானால் யாரிடம் கேட்பது? தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சின்னக் கடிகாரம் அப்படியே நின்றது. அப்போதும் அழுகை வரவில்லை. கோப்பை மூடக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

திரையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே என் விரல் தானாக மேசையில் தட்டத் தொடங்கியது. எம். கே. அரைப்புள்ளி. கே. எச். விரல் நின்றது. மறுபடி தட்டினேன். அம்மா.

கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. அந்தப் புதிய சிஸ்டத்தில் என் பழைய எழுத்து இல்லை, அவ்வளவுதான். போர்வை விலகிக் கட்டைகள் மட்டும் தெரிகின்றன. ஒவ்வோர் எழுத்தாக மேசையில் தட்டித் தட்டிப் படித்தேன். அது பவி முதலாம் வகுப்புப் படித்தபோது என் மடியில் உட்கார்ந்து, நான் காட்டிய கட்டைகளை ஒற்றை விரலால் குத்திக் குத்தி அடித்தது. 'அம்மா. மழை. இன்னைக்கி இஸ்கூல் இல்ல. அம்மா வீட்ல. ஜாலி.' பிறகு ஒரு வரி முழுக்க அம்மா, அம்மா, அம்மா. அந்த வரியைக் கடைசிவரை தட்டினேன். ஒன்றைக்கூட விடவில்லை.

வாசலில் ஒரு கொழுந்து பறிக்கும் பெண் வந்து நின்றாள். தலையில் மடித்துக் கவிழ்த்த உரப்பை, இடுப்பில் சுற்றிய பொலித்தீன், காலில் பெரிய ஆம்பிளைச் செருப்பு. தொழிற்சாலையிலிருந்து ஏதோ சேதி கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து எழும்பினேன்.

"அம்மா, நான்தாம்மா."

"சாப்புட்டியா?" என்றேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

சாப்பிட்டாளாம். பஸ் கினிகத்தேனையில் நின்றுவிட, ஒரு பன்சலையில், அந்த ஊர்ப் பௌத்தக் கோயிலில், எல்லோரையும் தங்கவைத்து, அங்குள்ள சிங்கள அக்காமார் சோறும் பருப்பும் கொடுத்தார்களாம். செருப்பு அங்கே ஒரு மாமாவுடையது. பிறகு ஒரு கூட்டத்தோடு வட்டவளைக்கு வந்து, ரயில் ரோட்டிலேயே நடந்திருக்கிறாள். அப்பாவை ஹட்டனில் கண்டாளாம். "அப்பா பின்னால வர்றாரு. கால் வலியாம், மெதுவா வர்றாரு" என்றாள். பிறகு, செருப்பைக் கழற்றாமலே, "றொசல்லகிட்ட ரயில் ரோடு அந்தரத்துல தொங்குதும்மா. கீழ லயம் ஒண்ணு இருக்குமே. அது இல்ல" என்றாள். "ஆளுங்க?" என்றேன். தெரியாதென்று தலையை ஆட்டினாள்.

அந்த லயத்தில் ராக்கம்மா அக்கா இன்னும் இருந்தாரா, எப்போதோ மகளோடு வேறெங்காவது போய்விட்டாரா என்று எனக்குத் தெரியாது. விசாரித்துப் பார்த்தேன். அந்தப் பெயரைச் சொன்னால் இப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கொமினிகேஷன் கடை செருப்புக்கடையாகி நெடுநாளாகிறது, அந்தப் பெஞ்சும் இல்லை, மூர்த்தி அண்ணனும் இல்லை. அந்தப் பழைய எழுத்தில் இப்போது யாரும் கல்யாணக் கார்டு அடிப்பதில்லை. மழை என்றால் பள்ளிக்கூடம் இல்லை, அம்மா வீட்டில், ஜாலி என்று ஒரு பிள்ளை அடிக்கக்கூடிய மழையும் இந்த மலையில் இல்லை. பவி மறுபடி கண்டிக்குப் போய்விட்டாள். இன்று தூறல் தொடங்கியதும் செய்தி அனுப்பினேன், உடனே பதில் வந்தது. அப்படியும் உள்ளே அந்த மரப்பு இன்னும் இறங்கவில்லை.

அன்றைக்கு உரப்பையைத் தலையிலிருந்து எடுக்காமலே அவள் மேசைப் பக்கம் வந்தாள். பென்ட்ரைவைப் பார்த்தாள். "போட்டீங்களா!" என்றாள். பிறகு திரையில் இருந்த பூச்சிகளைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பழைய எழுத்தப் போட்டா எல்லாம் வந்திரும்மா. பயப்புடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து, சேற்றுக் காலைக் குனிந்து பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் போகலம்மா" என்றாள்.