கிரகணம் இல்ல, அத்தே

சூரியனைப் பார்ப்பது என் வேலை. வெயிலில் நின்று அண்ணாந்து பார்ப்பதில்லை. விண்வெளியில் இருக்கும் தொலைநோக்கிகள் அனுப்பும் படங்களை, கம்பாரில் ஒரு பல்கலைக்கழக அறையில் உட்கார்ந்து பார்ப்பது. சூரியனில் தீப்பிழம்பு வெடித்ததா, அதன் ஒளிவட்டத்தைப் பிய்த்துக்கொண்டு வாயுக்குமிழி ஏதும் கிளம்பியதா, கிளம்பியது என்ன வேகத்தில் போகிறது, நம் பக்கம் வருகிறதா என்று படம் படமாக அளந்து சொல்ல வேண்டும். வந்தால் செயற்கைக்கோள்களும் ரேடியோவும் தடுமாறும்.

வயிறு பெருத்து, ஈப்போவிலிருந்து தினமும் கார் ஓட்ட முடியாமல் போனபோது வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். அங்கேதான் என் மாமியார் அந்தப் படத்தைப் பார்த்தார்.

படத்தின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். சூரியனின் முகத்தை மறைத்தால்தான் அதைச் சுற்றியுள்ள மெல்லிய ஒளி தெரியும். அதற்காகத் தொலைநோக்கிக்குள்ளேயே ஒரு தகட்டை வைத்திருக்கிறார்கள். வெடித்துக் கிளம்புவது அந்த வட்டத்தின் ஓரத்திலிருந்து புகைபோல ஊதிப் பெருகும். எனக்கு அது தகடு. பத்து காஜா பக்கம் ஒரு தோட்டத்தில் இளமை முழுக்க ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த அவருக்கு அது கிரகணம்.

"புள்ளத்தாச்சி கிரகணத்தப் பாக்கலாமா? அதுவும் நாள் முழுக்க? புள்ளைக்கு சுசா லா, கஷ்டம். மூடு."

"கிரகணம் இல்ல, அத்தே. மறைக்கிறதுக்கு வச்ச தகடு."

"சூரியன மறைச்சா கிரகணந்தானே?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்பார்கள். என் கணவரைச் சுமந்தபோது ஒரு கிரகண நாளில் பெரட்டுக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர் இவர். வேலை வாங்கும் மண்டோர் வந்து கதவைத் தட்டிக் கத்தியும் திறக்கவில்லை. "வேல போனா போவட்டும், எம்புள்ளைக்கு ஒதடு பொளந்தா நீ வந்து தச்சுத் தருவியான்னு கேட்டேன்" என்பார். அதே பிடிவாதத்தோடு இப்போது என் மேசைக்கு எதிரே நின்று, குழந்தை பிறக்கும்வரை லீவு போடச் சொன்னார். நான் போடவில்லை. பிடிவாதம் எனக்கும் உண்டு. என் கணவர் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துவிட்டு நழுவிக்கொண்டார்.

அந்த வாரமே ஒரு பெரிய வெடிப்பு. கறுப்பு வட்டத்தைச் சுற்றி நாலாபக்கமும் வளையமாக விரிந்தது. அப்படி விரிந்தால் ஒன்று நேராக நம்மை நோக்கி வருகிறது, இல்லை நேர் எதிர்ப்பக்கம் போகிறது. கொஞ்ச நேரத்தில் படமெங்கும் வெள்ளைப் புள்ளிகள். சூரியத் துகள்கள் கேமராவிலேயே வந்து மோதியிருந்தன. இவ்வளவு பெரியது கிடைத்த சந்தோஷத்தில் ஒவ்வொரு படமாக அளந்தேன். வயிற்றுக்குள் குழந்தை உதைத்துக்கொண்டிருந்தது.

பெண் பிறந்தாள். மேலுதடு பிளந்திருந்தது.

டாக்டர் துணியை விலக்கிக் காட்டியபோது, ஒரே ஒரு கணம், நானும் அந்தக் கறுப்பு வட்டத்தை நினைத்தேன். இத்தனை படித்தும். அந்தக் கணத்தின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. நான் செய்த எதனாலும் வந்ததல்ல, அறுவை செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

பார்க்க வந்தவர்கள் முதலில் குழந்தையைப் பார்த்தார்கள், பிறகு என் லேப்டாப்பைப் பார்த்தார்கள். அத்தை வாயே திறக்கவில்லை. அது இன்னும் வலித்தது. பக்கத்து வீட்டு அக்காதான் ஆரம்பித்தார்.

"அப்பவே ஒங்க அத்த சொன்னாங்களாம். பாக்காம இருந்திருக்கலாம் லா."

"பாத்தேன் அக்கா. இனிமேயும் பாப்பேன்."

பிரசவ விடுப்பு முடிந்தது. அறுவைக்கு இன்னும் நாள் இருந்தது. காலையில் அதே மேசையில் லேப்டாப்பைத் திறந்து, அவளை மடியில் வைத்துக்கொண்டேன். வட்டத்தின் ஓரத்தில் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. அத்தை ஓடிவந்து குழந்தையின் கண்ணைப் பொத்தினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கையை எடுத்துவிட்டேன்.

"அவ மேல ஒரு தப்பும் இல்ல, அத்தே. எம்மேலயும் இல்ல. அவ பாக்கட்டும்."

பிளந்த உதடு முழுக்க விரிய, அவள் திரையைப் பார்த்துச் சிரித்தாள்.