இஸ்திரிக்கடை அக்காவின் டாக்டர்

இஸ்திரிப் பெட்டியைக் காலரில் வைத்துவிட்டால் அக்காவுக்குக் கண் துணியில், காது முதுகுப் பக்கம். முதுகுக்குப் பின்னால் அலமாரி மேல் இருக்கும் டிவியில் டாக்டர் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். அழுகையோ அடிதடியோ, அக்கா திரும்பமாட்டார். "திரும்பினா சட்டை போயிடும். பாக்கறதுக்கு என்ன இருக்கு? அதான் எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்றாங்களே!"

கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பவன் நான். துணியோடு இறங்கும்போது கதாநாயகன் பேசிக்கொண்டிருந்தால் எனக்குப் பதில் கிடைக்காது. "ஷ்ஷ், டாக்டர் பேசறாரு." சுவரில் டாக்டரின் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஆனால் அக்கா மயங்கிக் கிடப்பது அந்தக் கனத்த, நிதானமான குரலில்தான்.

அக்காவிடம் வாய் கொடுத்துத் தப்பியவர் தெருவில் யாரும் இல்லை. பேன்ட் பாக்கெட்டில் பேனாவை விட்டுவிட்டுக் கொடுப்பவரின் பரம்பரையையே இழுத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர், போன வருடம் வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும் வாயடைத்துப் போனார். ஆபரேஷன் என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார். துணி மடிக்கும் அவர் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், சாப்பிடாமல்கூடக் கிடந்தார். அப்புறம் ஒருநாள் தொடரில் டாக்டர் யாரோ ஒரு நோயாளியிடம் சொன்னார்: "பயப்படாதீங்கன்னு சொல்லமாட்டேன். பயந்துக்கிட்டே வாங்க, போதும்." மறுநாள் காலை அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"கட்டின புருஷன் நான், தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன். டிவில ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னான், கிளம்பிட்டா," என்று வீட்டுக்காரர் இன்னும் அங்கலாய்க்கிறார். குரலில் குறை இருக்கும், முகத்தில் இருக்காது.

டாக்டராக வரும் நடிகர் ஒரு மண்டபத்தில் ரசிகர்களைச் சந்திக்கிறார் என்று தெரிந்ததும் அக்கா கடையைப் பூட்டிவிட்டு என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டார். அவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "பயந்துக்கிட்டேதான் போனேன். பொழைச்சு வந்துட்டேன்." பஸ்ஸிலும் வரிசையிலும் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். மண்டபம் முழுக்க ஒரே இரைச்சல். எங்கள் முறை வந்தது.

"வாங்கம்மா, வணக்கம்," என்றார் நடிகர். மீசை அரும்பும் வயதில் பையன்களுக்குக் குரல் உடையுமே, அப்படியொரு கீச்சுக்குரல்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கரிசனமாக அவரிடம், "தொண்டை கட்டியிருக்கா தம்பி? வெந்நீர் குடிச்சீங்களா?" என்றார்.

நடிகரின் முகம் சுண்டிப்போயிற்று. "என் குரலே இதுதாம்மா. தொடர்ல எனக்குப் பேசறவரு வேற ஒருத்தர்."

எனக்கு யாருக்காக வருத்தப்படுவது என்றே தெரியவில்லை. இத்தனை ஜனம் தேடி வந்திருக்கும் இடத்தில் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அக்காவோ நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் முண்டினார்கள்.

"அப்ப நான் யார்கிட்ட தம்பி சொல்றது?"

"என்னம்மா சொல்லணும்?"

அக்கா கட்டியைப் பற்றியும் அந்த ஒரு வார்த்தையைப் பற்றியும் சொன்னார். நடிகர் கேட்டுக்கொண்டே போனை எடுத்து, எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"சொல்லுப்பா, என்ன விஷயம்?" டாக்டரின் அதே கனத்த குரல்.

அக்கா போனை வாயருகே கொண்டுபோனார். "சார், உங்க பேச்சைக் கேட்டுதான் ஆபரேஷனுக்குப் போனேன். பயந்துக்கிட்டேதான் போனேன். பொழைச்சு வந்துட்டேன்."

"என்கிட்டயாம்மா சொல்றீங்க?"

"உங்ககிட்டதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

"போனை வெச்சிட்டு நில்லுங்கம்மா, எத்தனை பேர் காத்திருக்காங்க பாருங்க," என்று போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். அக்கா நடிகரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். "உங்க முகமும் லட்சணமாத்தான் இருக்கு தம்பி. கிட்ட வந்து நில்லுங்க." பிறகு போனிடம், "சார், கட் பண்ணிடாதீங்க, போட்டோ எடுக்கறாங்க," என்று சொல்லிவிட்டு, தனக்கும் நடிகருக்கும் நடுவில், தோள் உயரத்தில், கேமராவைப் பார்க்கும்படி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.